பத்து மில்லி

பாதி ஷட்டர் இறக்கியாயிற்று.
குனிந்து உள்ளே வந்தான் ஜகுபர்,
கீழக்கரையில் சங்கு குளிப்பவன்.
கவுண்டரில் வைத்தான்
கட்டைவிரல் அளவு ஒரு குப்பி.
தோஹாவிலிருந்து மச்சான்
காலுறைக்குள் சுருட்டி அனுப்பியதாம்.
"இதுல என்னல்லாம் கெடக்குன்னு
வாசிச்சுச் சொல்லுங்க ராத்தா."

காலாவதித் தேதி பார்க்கும் லென்சை எடுத்தேன்.
மாம்பழப் படம் தெருவிலிருந்தே தெரியும்.
எழுத்துகளோ எறும்புக் குஞ்சுகள்.

முதல் பெயர் தெரிந்த பெயர்தான்.
கிளிசரின்.
உப்புத் தண்ணீரில் நின்று குதிகால் வெடித்து வரும்
மாயாகுளத்துப் பாசிக்காரிகளுக்கு
நான் எடுத்துக் கொடுப்பது.
புகையை வெள்ளை வெளேரென்று காட்டுவது
இங்கே அதன் வேலை.

அடுத்தது புரொப்பிலீன் கிளைகால்.
இதோ, உன் தலைக்கு மேல் மூன்றாவது தட்டு,
அந்த சிரப்புகள் சிலதில் இருக்கிறது.
தண்ணீரில் கரையாத மருந்தும் இதில் கரையும்.

"அப்ப நல்லதுதானே?"

வயிற்றுக்கு, என்றேன்.
வயிறு சமையற்கட்டு மாதிரி.
அலசும், அரிக்கும், ஆகாததைக் கொல்லையில் கொட்டும்.
நெஞ்சுக்கூடு அப்படியில்லை.
வாசலைத் திறந்தால்
நேரே படுக்கையறை.

பென்சாயிக் அமிலம்.
படர்தாமரைக் களிம்பில் பார்த்திருக்கிறேன்,
ஊறுகாய் பாட்டிலிலும்.
இதற்குள் ஏன் என்று ஒரு நிமிடம் புரியவில்லை.
பிறகு புரிந்தது.
நிகோடின் காரும். தொண்டை எரிந்தால்
இழுக்கிறவன் இரண்டு இழுப்பில் நிறுத்திவிடுவான்.
நிறுத்தக் கூடாது என்று
எங்கோ ஒரு குளிர்ந்த அறையில்
யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.
சம்பளத்துக்குத்தான். என்னைப்போல.

அப்புறம் நிகோடின்.
மில்லிக்கு ஐம்பது மில்லிகிராம்.
பத்து மில்லிக்கு ஐந்நூறு.
போன நோன்பில் சிகரெட்டை விடுகிறேன் என்று
இவன் வாங்கிப்போன சூயிங்கத்தில்
ஒன்றுக்கு இரண்டு.
சங்கு எண்ணும் கணக்காய்
விரலை மடக்கி மடக்கிப் பார்த்து
இருநூற்றைம்பதில் நின்றான்.
"வெறும் ஆவின்னுதானே மச்சான் சொன்னாப்ல."

கடைசி வரி:
சுவையூட்டிகள்.

அவ்வளவுதான். ஒற்றைச் சொல்.
அதற்குள் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள்,
மாம்பழம் அதில் ஒருவரா,
உள்ளே கம்பி பழுக்கும்போது
அவர்கள் வேறு யாராய் மாறுவார்கள்,
லேபிளில் இல்லை. நான் படித்த டி.ஃபார்மிலும் இல்லை.
பதினேழு வருடம் இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்று
இதைச் சொன்னது குறைவு:
தெரியல ஜகுபர்.

அவன் குப்பியைப் பார்க்கவில்லை.
மின்விசிறியைப் பார்த்துச் சொன்னான்:
"நாலு பாகம் எறங்குனா
தரையில ஒவ்வொரு கல்லாப் புரட்டிப் பாத்துட்டு வருவேன் ராத்தா.
முந்தாநாளு ஒரு சங்கு.
மணல்ல பாதி பொதைஞ்சு
கையெட்டுற தூரத்துல.
எடுக்காம மேல வந்துட்டேன்.
போட்டுல யாருகிட்டயும் சொல்லல."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
இருமல் மருந்து கேட்டால் கொடுக்கலாம்;
அவன் கேட்கவில்லை.

வெளியே போய்
தெருவிளக்கடியில் நின்று
மூச்சை இழுத்துப் பிடித்தான்.
ஏனென்று தெரியாமல் நானும் பிடித்தேன்.
மீன் பெட்டி கட்டிய ஒரு பைக் போனது.
இஷா தொழுகை முடிந்து நாலைந்து பேர் போனார்கள்.
முப்பத்தொன்றில் எனக்கு விட்டுவிட்டது.
அவன் நின்றுகொண்டே இருந்தான்,
கழுத்து நரம்பு புடைத்து,
பிறகு இருமி இருமி
சுவரில் கை ஊன்றினான்.

குப்பி கவுண்டரிலேயே கிடந்தது.
கூப்பிட்டேன். திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினான்.
வேண்டாம் என்றா, நாளைக்கு என்றா,
அந்த வெளிச்சத்தில் சொல்ல முடியவில்லை.
பழக்கதோஷம், திருப்பித் தேதியைப் பார்த்தேன்.
கெட்டுப்போக
இன்னும் இரண்டு வருடம் இருந்தது.