ம்போது

அவன் பெயர் ம்போது.
உதட்டை மூடிக்கொண்டு தொடங்க வேண்டும்.
ஜுபைலில், கடல்நீர் நிலையத்தின் வாசலில்
முதல் நாள் அவன் சொன்னதும் காத்திருந்தேன்,
முன்பாதியை விழுங்கிவிட்டான் என்று.
எங்கள் மொழியில் அது சொல்லின் வால்.
வரும்போது. வற்றும்போது.

சாட் ஏரிக்காரன்.
பிறந்த தீவு இப்போது இல்லை.
மூழ்கவில்லை,
சுற்றியிருந்த தண்ணீர் போய்விட்டது,
அது வெறும் மேடு.
ஏரிக்குப் பின்னாலேயே அவன் அப்பா
ஏழு முறை வீடு மாற்றினாராம்,
நாணற்படகைத் தலையில் சுமந்துகொண்டு.
அவர்கள் மாட்டுக்குப் பானை பருமனில் கொம்பு,
அதைப் பிடித்தபடி நீந்திக் கடப்பார்கள்.
இப்போது மாடு நடந்தே கடக்கிறது
அத்தனை பெரிய கொம்போடு.

கைபேசி வரைபடத்தில் இன்னும் நீலம்தான்.
அதன்மேல் பெருவிரலை வைத்தான்.
எடுக்கவில்லை.
உங்கள் ஆறு? என்றான்.
அமராவதியை மணல் லாரிகளில் அளந்து சொன்னேன்.
எத்தனை லாரி என்று கேட்டான்.
அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இந்த நாட்டில் ஆறே இல்லை,
அதனால் எந்த ஆறும் சாகவில்லை
என்றான் ஒருநாள், டீ ஆறுவதற்குள்.
கடலை உறிஞ்சி, சவ்வில் அழுத்தி
உப்பைக் கடலுக்கே திருப்பித் தருகிறோம்.
அந்தக் குழாய்வாயில் மீன் நிற்பதில்லை.
நல்ல தண்ணீர் ரியாத்துக்குப் போகிறது,
அங்கே புல்லுக்கும் போகிறது.
எங்கள் கேம்ப்புக்கு லாரியில் வரும்,
புதனும் சனியும்.

ஆகஸ்டில் ஜெல்லிமீன் வந்தது.
உள்வாங்கும் சல்லடை முழுக்கக் கொழகொழவென்று.
பம்பு திணறியது. அலாரம்.
கயிறு கட்டு என்று ஃபோர்மேன் கத்துவதற்குள்
ம்போது இறங்கிவிட்டான்.
இடக்கையால் அள்ளி அள்ளி எறிந்தான்.
வலக்கை தண்ணீருக்கு மேலே
எதையோ வளைத்துப் பிடித்திருந்தது.
அங்கே பிடிக்க ஒன்றுமில்லை.

ஏறி வந்தான், தோளெல்லாம் சிவந்த தடிப்பு.
வினிகர் ஊற்றினோம்.
உதட்டை நக்கிவிட்டு, உப்பு என்றான்.
எங்களுடையதும் கடல் மாதிரிதான், குடிக்கலாம்.
குடிக்கலாமா, குடித்தீர்களா?
அவன் பேசிய அரபியில் அந்த வாக்கியத்துக்குக்
காலம் இல்லை.

விடியும்முன் பதிவேட்டை நீட்டினேன்.
அழுத்தம். உப்பளவு.
நின்ற நேரம், மறுபடி ஓடிய நேரம்.
கடைசியில் கையெழுத்து.
வீங்கிய கை தவறியதோ என்னவோ,
பிரெஞ்சு எழுத்தில் பெயரை எழுதினான்,
முன்னால் ஒரு வினைச்சொல்லுக்கு ஆகும்
இடம் விட்டு.