கணுக்கால் கணக்கு

முப்பத்திரண்டு அடி மூங்கில்.
உச்சியில் முக்கோணக் கொடி,
கொடியின் வயிற்றில் கடற்காற்று.
இத்தனையையும் என் நெற்றி தாங்குவதாகத்தான்
பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள்.
தாங்குவது கணுக்கால்.

ஜெலுத்தோங் சீனப்பள்ளித் திடலில்
செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி.
சிங்கே பெண்கள் அணியில் நாங்கள் ஒன்பது பேர்.
ஹுய் லிங் பல்லில் ஏந்துவாள்,
நோர்லிசா தோளில்,
நான் நெற்றியில்.
"கொடியைப் பார், காலைப் பார்க்காதே, தவமலர்"
என்பார் பயிற்சியாளர் கூ.
பதினோரு வருடமாக நான் காலைப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட்டில் ஒருமுறை சறுக்கினேன்.
மழை இல்லை, தரை காய்ந்திருந்தது.
செப்டம்பரில் மறுபடியும்.
அக்டோபரில் கொடிகூட இல்லை,
நாசி கண்டார் பொட்டலத்தோடு கால்வாய் ஓரம் நடந்தபோது
பாதம் தானாக உள்ளே மடிந்தது.
குழம்பு போயிற்று.
முட்டை மட்டும் தப்பியது.

மூன்று தேதியையும் சேர்த்துப் பார்த்தவள்
பெரிய மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர் கோகிலவாணி.
என் பாதத்தை அப்படியும் இப்படியும் அசைத்தாள்,
கதவை வாங்குமுன் கீலைச் சோதிப்பவள்போல்.
"கடைசி மாதவிலக்கு எப்போது?"
கணுக்காலைக் காட்ட வந்தவளிடம்
கேட்கிற கேள்வியா?
கைப்பேசியில் தேதிகளைத் தேடினேன்.
விரல்விட்டு எண்ணினாள்.
மூன்று முறையும் பதின்மூன்றாம் நாள்.

கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன்
ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்கு ஏறுமாம்.
எலும்போடு எலும்பைக் கட்டிவைத்திருக்கும் நாருக்குள்ளும்
அதன் பேச்சைக் கேட்கும் காதுகள் உண்டாம்.
கொலாஜன் முறுக்கு கொஞ்சம் நெகிழும்,
மூட்டு எங்கே நிற்கிறது என்ற செய்தி
மூளைக்குத் துளி தாமதமாகப் போகும்.
"போகலாம்," என்று திருத்திக்கொண்டாள்.
"சில ஆய்வுகள் ஆம் என்கின்றன, சில இல்லை என்கின்றன.
உன் உடம்பை நீயே எழுதி வை."

எழுதினேன்.
குதிரைப் பந்தய நாட்களைச் சிவப்பில் அச்சிட்ட
சுவர் நாட்காட்டியில்
பென்சிலால் சின்னச் சின்ன எண்கள்.
எங்கள் வீட்டில் முதல் மூன்று நாட்களுக்குப் பெயர் உண்டு.
சாமி அறைப்பக்கம் போகாதே,
ஊறுகாய் ஜாடியைத் தொடாதே,
எல்லாம் ரத்தத்தைப் பார்த்து வைத்த சட்டம்.
ரத்தமே இல்லாத பதின்மூன்றாம் நாளில்
பாதத்தின் அடியில் தரை லேசாக நகர்வதற்கு
யாரும் பெயர் வைக்கவில்லை.

டிசம்பர் ஊர்வலம்.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
அதே நாள்.

கூவிடம் எப்படிச் சொல்வது?
இணைப்பு நாருக்கு மலாயில் என்ன வார்த்தை?
ஹுய் லிங்கிடம்தான் முதலில் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
"எனக்கு முட்டி. இருபதாம் நாளுக்கு மேல்," என்றாள்.
நோர்லிசா ஒன்றும் பேசாமல்
விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தாள்.

ஒன்பது பெண்களின் தேதிகள் ஒரே தாளில்.
கூ நெடுநேரம் பார்த்தார்.
மூங்கில் வாங்கும்போது
வளையாததை ஒதுக்கிவிடுகிற மனிதர்.
எதுவும் கேட்கவில்லை,
வரிசையை மாற்றினார்.

பாடாங் கோத்தாவில் கிளம்பினோம்.
கணுக்காலில் வெள்ளைப் பட்டை,
அதன்மேல் பேனாவால் 13/28.
பதினேழு நொடி நின்றது கொடி.
வழக்கமாக நாற்பது நிற்கும்.
பதினெட்டாவதில், சரிவதற்கு முன்பே,
நோர்லிசாவின் தோளுக்குத் தள்ளிவிட்டேன்.
அதுதான் திட்டம் என்று நினைத்துக்
கூட்டம் கைதட்டியது.
அதுதான் திட்டம்.

ஆண்கள் அணியின் ஆ செங்
பட்டையை உற்றுப் பார்த்தான்.
"என்ன நம்பர் இது?"
"நல்ல நம்பர்," என்றேன்.
மறுநாள் 1328-க்குப் பத்து வெள்ளி கட்டினானாம்.
விழவில்லை.

எனக்கும் அந்த மாதம் இருபத்தெட்டில் வரவில்லை,
முப்பத்தொன்றில்தான்.
அப்படியானால் ஊர்வலத்தன்று நெகிழ்ந்தது நாரா, நானா?
நல்லவேளை,
பென்சிலால்தான் எழுதியிருந்தேன்.