ஈரமே எதிரி

குமுளி மண்டபத்தில் பதினேழாம் நம்பர் ஸ்டால்.
அக்கம்பக்கம் ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருக்க
நான் ப்ளைவுட்டில் ஓர் ஏலக்காயையே கட்டினேன்.
ஆள் உயரக் கீறல், அதுதான் வாசல்.
உள்ளே பச்சை பல்பு, விதைகளுக்குப் பதில் கறுப்பு மோடாக்கள்,
நடுவில் உலர்த்தும் மெஷின்.

கொடுப்பதற்கு இருநூறு குடை.
வாசகம் என்னுடையது: ஈரமே எதிரி.
போடி முதலாளி தவசிலிங்கம் இரண்டு முறை படித்துவிட்டு
அட்வான்ஸில் ஆயிரம் கூட்டினார்.

முதல் நாள் வெயில்.
பேனா கொடுத்த ஸ்டாலில்தான் கூட்டம்.
எங்கள் ஏலக்காய்க்குள் செல்ஃபி எடுத்தார்கள்,
மெஷின் விலையை ஒருவரும் கேட்கவில்லை.
வண்டன்மேட்டு ஔசேப்பச்சன் மட்டும்
குடையை விரித்து அர்த்தம் கேட்டார்.
ஈர்ப்பம், என்றேன்.
சரியாணு, என்று தலையாட்டினார்.
அவர் மொழியில் அது காய்க்கு மட்டும்தான்.

மறுநாள் நாலு மணிக்கு மழை.
பத்தே நிமிடம்.
வண்டி நிறுத்துமிடம் முழுக்க எங்கள் பெயர் ஓடியது,
ஸ்டாலில் நானும் மெஷினும்.

கம்பி வளைந்த ஆறு குடை மிச்சம்.
காலையில் செக்போஸ்ட்டில் லாரி நின்றபோது
எதிரே கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்கு ஏறிவந்த ஜீப்;
பதினாறு பெண்கள், தூறல்.
ஒன்றை நீட்டினேன்.
ஒச்சம்மா என்று யாரோ கூப்பிட்டவள்
எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
"ஈரமே எதிரியா?
நெஞ்சுல ஈரமில்லாத பய எவனோ எழுதியிருக்கான்."
ஜீப்பே சிரித்தது. குடையை விரித்துக்கொண்டாள்.

அடுத்ததை
எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்து நீட்டினேன்.