விரற்கடையாரின் போர்முறை

உம் அல் குவைன், பழைய படகுத்துறைக்குப் பின்னால்
பேரீச்சம்பழக் கிடங்கு எண் ஒன்பது.
ஜூலை. வெளியே நாற்பத்தெட்டு டிகிரி.
"எலியோ என்ன எழவோ, முடிச்சிட்டு வா"
என்று அனுப்பினார் சூப்பர்வைசர் பெலிக்ஸ்.

எலி இல்லை.

தங்களை அவர்கள் என்னவென்று சொல்லிக்கொள்வார்களோ,
விரற்கடையார் என்பது நான் வைத்த பெயர்.
உயரத்துக்காக அல்ல; உயரம் ஒரு சாண் இருக்கும்.

சண்டை தெரியாத சாதி என்றுதான் நினைத்தேன்.
ஈட்டி இல்லை, வில் இல்லை.
கோபம்கூட ஆளுக்கு ஒரு சிட்டிகைதான் தேறும்.
பழக்கூடைகளுக்கு நடுவே
கொட்டைகளை அடுக்கித் தெரு போட்டிருந்தார்கள்.
தெருவில் ஒருவருக்கொருவர்
வழிவிட்டு வழிவிட்டே
நேரம் போய்க்கொண்டிருந்தது.

முதல் இரவு துறைமுகப் பூனை வந்தது.
ஒற்றைக் காது, மீன்குடல் வாடை.
அவர்கள் ஓடவில்லை. வரிசையாக நின்றார்கள்.
பூனை பாய்ந்த கணத்தில்
வரிசை மொத்தமும் இடப்பக்கம் நகர்ந்தது,
ஒரு விரற்கடை.
நகம் அட்டைப்பெட்டியைக் கிழித்தது.
மறுபடி பாய்ந்தது. ஒரு விரற்கடை.
மறுபடி.
பதினேழு வரை எண்ணினேன்.
பிறகு பூனை உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டது,
அந்தப் பக்கம் வந்ததே குளிக்கத்தான் என்பதுபோல.
ஒருத்தி ஒரு சாளைத் தலையை
உருட்டி உருட்டிக் கொண்டுவந்து
அதன் முன்னால் வைத்தாள்.
போர் முடிந்தால் அப்படித்தானாம்.
அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மறுநாள் என்னோடு.
கதவிடுக்கை அடைக்க டேப் ஒட்டினேன்,
இடுக்குக்கு ஒரு விரற்கடை தள்ளி ஒட்டியிருந்தது.
சாவி துளைக்குப் பக்கத்தில் இடித்தது.
டார்ச்சின் பொத்தான் கட்டைவிரலுக்கு அடியில் இல்லை.
ஐந்து வருடமாக இறங்கும் வேன் படி
அன்று காலுக்குக் கிடைக்கவில்லை.
எதுவும் உடையவில்லை.
எதுவும் இருந்த இடத்திலும் இல்லை.
டிரைவர் மொக்லேசுர் சிரித்தான்:
"பாய், உனக்கு வெயில் அடிச்சிருக்கு."

மூன்றாம் நாள் எனக்கு வீம்பு வந்துவிட்டது.
மதியம் வேனில் ஒரு தூக்கம் போட்டு,
முகமூடி மாட்டி,
சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு
உள்ளே போனேன்.
கொட்டைத்தெருவின் முனையில் ஒருவன் நின்றான்.
இரண்டு கையிலும் ஒரு பேரீச்சங்கொட்டை.
எறியவா, கொடுக்கவா, தெரியவில்லை.
தெரு காலி.
மற்றவர்கள் போவதற்காக
அவன் நின்றுகொண்டிருந்தான்.

திருகில் கைவைத்தேன். பிசுபிசுத்தது.
வெளிச்சத்தில் பார்த்தேன்:
பித்தளை முழுக்கப் பழப்பாகு,
பாகில் கைத்தடங்கள், எள்ளெள்ளாக விரல்கள்.
இரண்டு மணிநேரம்
இந்தச் சிலிண்டரை மூடிய வேனில்
தலைமாட்டில் வைத்துத்தான் தூங்கியிருக்கிறேன்.
வந்திருக்கிறார்கள்.
இருபது முப்பது பேர் ஏறி நின்றிருக்கிறார்கள்.
ஒரு விரற்கடை போதும்,
அவர்களைவிட நன்றாக அதை அறிந்தவர் யார்?
தொட்டிருக்கிறார்கள்.
நகர்த்தவில்லை.

சிலிண்டரை இறக்கினேன். முழங்கால் ஆடியது.
அவன் கொட்டையைக் கீழே வைத்துவிட்டு
எனக்கு வழிவிட்டான்.

'கிடங்கு 9: பூச்சி ஏதும் காணப்படவில்லை'
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
கோட்டுக்குக் கொஞ்சம் மேலே விழுந்தது கையெழுத்து.
பெலிக்ஸ் இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்தார்.

நவம்பரில், வேன் கண்ணாடி உடைந்ததற்கு
மொக்லேசுரை அடிக்கக் கை ஓங்கினார் அதே பெலிக்ஸ்.
நான் கத்தவில்லை, பிடிக்கவுமில்லை.
நின்ற இடத்திலிருந்து
இருவருக்கும் நடுவில் கொஞ்சம் நகர்ந்தேன்.
ஓங்கிய கை
எதற்கு வந்தோம் என்று மறந்ததுபோல
அங்கேயே நின்றது. பிறகு தலையைச் சொறிந்தது.

அன்று சாயந்திரம் அவர் மேசையில்
ஒரு சாளை டின் வைத்துவிட்டு வந்தேன்.
இன்னும் திறக்கவில்லை.