ஐந்தரை

மூன்றாம் தொட்டியின் வயிற்றில் காது வைத்தால்
தகரக் கூரையில் தூறல் தொடங்கியதுபோல்
ஒரு சன்ன முணுமுணுப்பு.
மஸ்காட் திராட்சைச் சாறு
தன் சர்க்கரையைத் தானே தின்றுகொண்டிருக்கிறது.

விட்டால் முழுக்கத் தின்றுவிடும்.
இனிப்பு தீர்ந்து போதை மட்டும் மிஞ்சும்.
அதற்குள் நிறுத்த வேண்டும்:
நூற்றுக்கு ஐந்து, மிஞ்சினால் ஐந்தரை.
அந்த நொடியில் குளிரைத் திறந்துவிட்டால்
ஈஸ்ட் விறைத்துத் தூங்கிப்போகும்,
வாயில் சோற்றோடு கண் சொருகும் பிள்ளை மாதிரி.

கனெல்லிக்கு நான் வந்து பதினோரு அறுவடை.
அதற்கு முன் ஸ்ட்ருமிட்சாவில் மிளகாய் பறித்த கை இது.
ப்ளாகித்சா என்ற என் பெயர்
இங்கே எவர் வாயிலும் நுழையாது.
பியான்கா என்கிறார்கள்.
திரும்பிப் பார்க்கிறேன்.

ரவினாலே குடும்பத்து மதுக்கூடம்.
முதலாளிகள் இருவர்,
தெல்ஃபினாவும் அவள் தம்பி எவாசியோவும்.
மேட்டுத் தோட்டம் யாருக்கு என்று
நான்கு வருடமாய் வழக்கு,
நான்கு வருடமாய்ப் பேச்சில்லை.
கொடிகளை எண்ணிப் பிரித்தார்கள்,
டிராக்டரை விற்றுப் பிரித்தார்கள்,
கூடத்துப் பூனைகூட அவள் பக்கம் போய்விட்டது.
தொட்டியைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.
எஃகு.

ஆகவே இந்த இரவுக்கு மட்டும்
இருவரும் வருவார்கள்.
"இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும்,
அவனிடம் சொல்."
மூன்றடி தள்ளி நிற்கிறான் அவன்.
"இப்போதே நிறுத்தணும்,
அவளிடம் சொல்."
சொல்கிறேன்.
அவர்கள் ஊர்ப்பேச்சில் வைவதை
என் ஓட்டை இத்தாலியனில் வடிகட்டி,
கசடு நீக்கி,
கொஞ்சம் இனிப்பை விட்டுவைத்து.

அவளுடைய ஹாம்பர்க் வியாபாரிக்கு இது திகட்டுகிறதாம்.
அவனுக்குக் கிறிஸ்துமஸ் கேக்கோடு குடிக்கிறவர்கள் முக்கியம்.
ஒன்றேகால் மணிக்கு ஐந்து புள்ளி மூன்று.
பேச்சு தொட்டியை விட்டிறங்கி
மேட்டுத் தோட்டத்துக்கு ஏறி
அங்கிருந்து அவர்கள் அம்மாவின் சவப்பெட்டிமேல் வைத்த
வெள்ளை லில்லிப் பூவின் பில்லுக்கு வந்தது.
எல்லாம் என் வாய் வழியாக.
ஐந்து புள்ளி நான்கு.
கருவிக்குச் சண்டை தெரியாது,
அது பாட்டுக்கு ஏறுகிறது.

"பூவுக்குக் கொடுத்தது நான், அவனிடம் சொல்."
"பாதிதான் கொடுத்தாள், அவளிடம் சொ—"

வால்வைத் திருப்பிவிட்டேன்.

குழாயில் குளிர் ஓடும் சத்தம்.
தொட்டியின் தோள்பட்டையில் வெண்பனி பூத்து
மெல்ல இடுப்புக்கு இறங்கியது.
உள்ளே முணுமுணுப்பு தேய்ந்து
நின்றது.

"யாரைக் கேட்டுத் திறந்தாய்?"

இரண்டு தொண்டை, ஒரே மூச்சு,
சொல் பிசகாமல் ஒரே கேள்வி.
அது அவர்கள் காதிலும் விழுந்தது.
எவாசியோ இருமினான்.
தெல்ஃபினா தன் ரப்பர் பூட்ஸைப் பார்த்தாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
வேலை போய்விடுமே என்று
மூன்று கண்ணாடிக் குவளை கழுவப் போனேன்.

குழாயடியில் பிடித்த தேறல் இன்னும் கலங்கல்.
ஊசிமுனைக் குமிழிகள் நாக்கில் ஏறி
எதையோ சொல்ல வந்து
மறந்து உடைந்தன.
ஆரஞ்சுப் பூ வாசம், வெயிலில் வைத்த பீச் பழம்,
எல்லாவற்றுக்கும் அடியில் தித்திப்பு:
தின்னப்படாமல் தப்பியது.

நவம்பரில் வழக்கு மறுபடி வருகிறது.
வக்கீல்கள் மாறவில்லை.

குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு
தெல்ஃபினா என் பக்கம் திரும்பினாள்:
"நன்றாக வந்திருக்கிறது,
அவனிடம் சொல்."

நான் சொல்லவில்லை.
மூன்றடிதானே.