மிச்சப் படிவங்கள்

ஜூன் இருபதுக்குள் கணினி தன் பங்கை முடித்துவிடும்.
ஆயிரத்து எண்ணூறு பேரை அறை அறையாகச் சேர்த்துவிட்டு
நாற்பத்தொரு பேரை என் மேசையில் தள்ளும்.
அதன் கணக்குக்குள் அடங்காதவர்கள்.
இவர்களைக் கையால் சேர்க்கத்தான்
விடுதி அலுவலகம் எனக்குச் சம்பளம் தருகிறது.

வெளியே சுப்பீரியர் ஏரி இன்னும் குளிரை விடவில்லை.
ஜன்னலைத் திறந்தால் முதலாண்டு மாணவர்கள் பறக்கிறார்கள்.
ஸ்டேப்ளரை எடுத்து மேலே வைக்கிறேன்.

அறையை எவ்வளவு ஒழுங்காக வைத்திருப்பீர்கள்,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்?
எல்லோரும் நான்கு போடுகிறார்கள்.
பதினெட்டு வயதில் நான்கு என்று ஒருவரும் கிடையாது.
நெப்ராஸ்காக்காரன் ஒருவன் மட்டும் ஒன்று போட்டு
பக்கத்தில் 'மன்னிக்கவும்' என்று எழுதியிருந்தான்.
ஏரி தெரியும் அறை அவனுக்கு.

டெசா வான்ஹூக் தூக்கத்தில் பேசுவாளாம்.
'பதில் சொல்லாதீர்கள், சொன்னால் நிறுத்த மாட்டேன்.'
இரண்டு நாள் அவளைக் கையில் வைத்துக்கொண்டே அலைந்தேன்.
பிறகு கிடைத்தாள், இடது காது கேளாத பெண்.
வலப் பக்கம் திரும்பிப் படுத்தால்
அவளுக்கு உலகம் அணைந்துவிடும்.

தொலைபேசியில் தாய்மார்கள்.
மகளின் பெயரைச் சொல்லி, மகளின் குரலில்,
குளியலறை எத்தனை பேருக்குப் பொது என்று கேட்பார்கள்.
'நான் இரவில் சரியாகச் சாப்பிட மாட்டேன்' என்றாள் ஒருத்தி.
எந்தப் பிள்ளை தன்னைப் பற்றி இப்படிச் சொல்லும்?
குறித்துக்கொண்டேன்.

சேர்க்கைப் பிரிவு மூன்றாம் மாடியில்.
எல்லோருக்கும் ஒரே லிஃப்ட்.
மார்ச்சில், முடிவுகள் வர ஒரு வாரம் இருக்கும்போது,
க்வென் தரைத்தளம் வரும்வரை
என் காலணிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
பழைய பனிக் காலணிகள். பார்க்க ஒன்றுமில்லை அவற்றில்.
அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

காத்திருப்போர் பட்டியல், என்று வாசித்தான் ஆர்வோ.
சாப்பிட என்ன இருக்கிறது, என்றும் கேட்டான்.
பிறகு வெளியே போய் எங்கள் வாசல் பனியை அள்ளினான்,
பக்கத்து வீட்டு வாசலை, அதற்கடுத்ததை,
தெருமுனைவரை.
விளக்குக் கம்பத்தடியில் அவன் முதுகு தெரிந்தது.

யாராவது விலகினால் எனக்குத்தான் முதலில் தெரியும்:
ஒரு கட்டில் காலியாகும்.
மே மாதம் முழுக்க எண்ணினேன்.
கொலராடோவுக்கு மனம் மாறியவள்,
ராணுவத்துக்குப் போனவன்,
காரணம் எழுதாத நான்கு பேர்.
பதினேழு கட்டில்கள்.
ஒவ்வொன்றிலும் மனதுக்குள் அவன் போர்வையை விரித்து
மாலையில் மடித்து எடுத்துவந்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
க்வென்னிடம் கேட்கவும் இல்லை.
கேட்டிருக்கலாமோ என்பது
இப்போதும் மதியத்தில் சில நேரம் வருகிறது.

ஜூனில் பட்டியலை மூடினார்கள். இரண்டு வரி மின்னஞ்சல்.
விஸ்கான்சினில் ஒரு கப்பல் பட்டறையில்
வெல்டிங் பழகப் போகிறான்.
சலவைக் கடைக்கு மேலே அறை எடுத்தாயிற்று.
கூட இருக்கப்போகிறவன் பெயர் டக் என்பதோடு சரி.
அங்கே யாரும் யாருக்கும் படிவம் தருவதில்லை.

இன்று சாப்பாட்டு நேரத்தில்
வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.
தூங்கும் நேரம்: ஒரு மணி, கேட்டால் பதினொன்று என்பான்.
ஒழுங்கு: இரண்டு. தாய் என்பதால் இரண்டு.
சத்தம்: உலர்த்தி ஓடினால் இன்னும் நன்றாகத் தூங்குவான்.
பாலை வெளியே மறந்து வைப்பான்.

கடைசிக் கேள்வி:
அறைத்தோழர் உங்களைப் பற்றி அறிய வேண்டியது வேறு ஏதேனும்?
நான்கு கோடு இடம் விட்டிருக்கிறார்கள்.
மனம் உடைந்தால் பனி அள்ளுவான், என்று எழுதினேன்.

அங்கே பனி விழ நவம்பர் ஆகும்.
மீதி மூன்று கோட்டை வெறுமே பார்த்தபடி
சாண்ட்விச்சைக் கடிக்கிறேன்.
ஆகஸ்டில் என்ன செய்வான்?