எஞ்சின் சுருதி

போன அக்டோபரில்
கப்பலின் அடுப்படியில் எண்ணெய் வழுக்கி
வலது தோள் பிசகியது.
பெரிய கிடாரை விற்றுவிட்டேன்.
அதன் இடுப்பைச் சுற்றி
என் கை இனிப் போகாது.

டுலூத்தில் ஓர் அடகுக் கடை.
பனி வழிக்கிற மண்வெட்டிகளுக்கும்
யாரோ மீட்க வராத மீன்தூண்டிலுக்கும் நடுவே
இது தொங்கியது.
முன்னும் பின்னும் பக்கமும் மஹோகனி.
மெருகு கிடையாது,
ரொம்ப நேரம் ஊறிய தேநீர் நிறம்.
"சின்னப் பிள்ளைகள் வாசிக்கிறதம்மா இது" என்றான்.
நான் கேட்காமலே
பத்து டாலர் குறைத்தான்.

எழுநூறு அடிக் கப்பல்.
சுப்பீரியர் ஏரியில் இரும்புத் தாது சுமக்கிறது.
இருபத்திரண்டு பேருக்கு
மூன்று வேளை பொங்கிப் போடுகிறவள் நான்.
என் அறையில் கட்டில் உண்டு, கதவு உண்டு,
இரண்டுக்கும் இடையே என் முழங்கால் உண்டு.
அந்த இடுக்கில் உட்காரத் தெரிந்த வாத்தியம்
இது ஒன்றுதான்.

பாத்திரம் கழுவி முடிக்க எட்டு மணி.
எத்தனை சோப்புப் போட்டாலும்
விரலில் வெங்காயம்.
மடியில் வைத்தால்
வீட்டுப் பூனையின் பாதிகூட இல்லை கனம்.
தந்தியைத் தொட்டதும்
விலா எலும்புதான் முதலில் கேட்கிறது,
காது அப்புறம்.

விற்றுப்போன பெரியது
அறையெங்கும் கண்ணாடியை உடைத்துப் போடும்.
இது அப்படி இல்லை.
சொல்ல வந்ததைச் சொல்லும்,
வாயை மூடிக்கொள்ளும்.
ரொட்டி வெந்துவிட்டதா என்று
கவிழ்த்து வைத்து
விரல் மடக்கித் தட்டுவேனே,
அந்த ஒலி.

ஒரே குறை.
எப்படி முறுக்கினாலும்
எதனோடோ சண்டை போட்டது.
டியூனர் பச்சை விளக்குக் காட்டும்,
மனசு ஒப்பாது.
மூன்றாம் நாள்தான் பிடிபட்டது:
காலுக்குக் கீழே எஞ்சின்.
இருபதாயிரம் டன்னை இழுத்துக்கொண்டு
தன் சுருதியில் அது போய்க்கொண்டிருந்தது.
எனக்காக அது ஏறுமா, இறங்குமா?
நான் இறங்கினேன்.
ஆறு முறுக்காணிகளையும்
இம்மி இம்மியாகத் தளர்த்தி.
பிறகு ஒரு தந்தியை வருடினால்
கப்பலே கூட வந்தது.

பக்கத்து அறையில் ஆயிலர் ஒர்வில்.
சுவரில் ஏதோ இடித்தது.
தூக்கத்தைக் கெடுத்தோமோ என்று நிறுத்திவிட்டேன்.
காலையில் முட்டைக்குத் தட்டை நீட்டியபடி சொன்னான்:
"இர்யா, ராத்திரி எட்டரைக்கு மேல்
எஞ்சின் என்னமாய் ஓடியது தெரியுமா?
எழுந்து சுவரில் கை வைத்துப் பார்த்தேன்.
என்ன செய்தார்களோ, உடனே விட்டுவிட்டார்கள்."
எனக்கென்ன தெரியும் என்றேன்.
அவனுக்கு மட்டும் இன்னொரு கரண்டி
உருளைக்கிழங்கு.

நவம்பரில் ஒரு ராத்திரி வாசிக்கவில்லை.
அலை மேல்தளத்தில் ஏறிக் குதித்தது.
கட்டிலில்
அதைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.
கப்பல் முறுகும்போதெல்லாம்
யாரும் தொடாமலே
அடித்தந்தி முனகியது.
பயந்தது அதுவா, நானா,
கேட்டுக்கொள்ளவில்லை.

ஜனவரி.
ஏரி இறுகிவிட்டது. கப்பலைக் கட்டிப் போட்டாயிற்று.
மலைச்சரிவில் என் மாடி அறை.
ஹீட்டர் காற்று மரத்தைப் பிளந்துவிடும் என்று
சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு
நனைத்த ஸ்பாஞ்சு வைத்து
பெட்டிக்குள் அதன் கழுத்தடியில் செருகுகிறேன்.
செடிகூட வளர்க்காதவள்
தினமும் தண்ணீர் வார்க்கிறேன்.

நேற்று எடுத்து வாசித்தேன்.
எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
அடியில் யாரும் இல்லை.
மாடிப்படி ஏறிப் பாதியில்
ஒரு படி இல்லாதது போல.

அப்போது சமையல் மூலையில்
பழைய ஃபிரிட்ஜ்
ஒரு உதறு உதறி விழித்தது.
காதைக் கொடுத்தேன்.
எஞ்சினைவிடக் கொஞ்சம் மேலே.
பிள்ளைக் குரல்.
முறுக்காணியைத் திருகினேன்,
இன்னும் ஒரு இம்மி,
போதும்.

அது மறுபடி தூங்கப்போவதற்குள்
ஒரு பாட்டு முடித்துவிடலாம்.